சவுண்டு மட்டும் வரவில்லை

பாண்டிமீனாவைப் பார்த்து யாராவது "பாவம்" என்றால் எனக்குக் கோபம் வரும். அவளுக்கும் வரும், ஆனால் காட்டிக்கொள்ள மாட்டாள். நான் காட்டிவிடுவேன். எங்கள் அலுவலகத்தில் என் வாய்க்குப் பயந்தே பல பேர் அவளிடம் ஒழுங்காக நடந்துகொண்டார்கள்.

அலுவலகம் தல்லாகுளத்தில் இருக்கிறது. எது என்று சொல்லப்போவதில்லை, நான் இன்னும் அங்கேதான் வேலை பார்க்கிறேன். நான் டைப்பிஸ்ட். மீனா ஒப்பந்தத்தில் வந்த டெலிபோன் ஆபரேட்டர். சமயநல்லூருக்கு உள்ளே தள்ளி ஒரு ஊர் அவளுடையது. அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் கூலிக்கு நாற்று நட்டவர்கள். சின்ன வயதிலேயே அவளுக்குப் பார்வை மங்க ஆரம்பித்திருக்கிறது. போர்டில் எழுதியதைப் பார்த்து எழுதவில்லை என்று டீச்சரிடம் அடி வாங்கியிருக்கிறாள். அது கண் கோளாறு என்று வீட்டுக்குத் தெரிந்தபோது முக்கால்வாசி போயிருந்தது. மீதி தானாகப் போனது. அதன்பிறகு விடுதிப் பள்ளி, கல்லூரி, இந்த வேலை. தல்லாகுளத்திலேயே இன்னொரு பெண்ணோடு சேர்ந்து ஓர் அறை எடுத்துத் தங்கியிருந்தாள்.

கண் தெரியாதவர்களுக்குக் காது கூர்மை என்று எங்கள் மேலாளர் அடிக்கடி சொல்வார், ஏதோ பரிசு கொடுப்பதுபோல. மீனா அவர் போனபிறகு, "அப்டியெல்லாம் ஒண்ணும் இல்லக்கா. கவனிச்சாத்தான் பொழைக்க முடியும், அதான் கவனிக்கிறேன்" என்பாள். எங்கள் வீட்டில் பேசுவது சௌராஷ்டிரம். யாருக்கும் புரியாது என்ற தைரியத்தில் நான் அம்மாவிடம் போனில் மேலாளரை வாய்க்கு வந்தபடி திட்டுவேன். ஒருநாள் போனை வைத்ததும் மீனா சிரித்துக்கொண்டே, இன்றைக்குக் கொஞ்சம் ஜாஸ்திதான் என்றாள். பக்கத்தில் உட்கார்ந்தே மொழியைப் பாதி பிடித்துவிட்டாள். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது.

ஆளாளுக்குக் கையில் செல்போன் வந்தபிறகு அவளுடைய டெலிபோன் போர்டு மணி அடிப்பதே அபூர்வமாகிவிட்டது. அவள் காலையில் வந்து உட்காருவாள், சாயங்காலம் எழுந்து போவாள். நடுவில் யாரும் எதுவும் கேட்பதில்லை. வேலை இல்லாமல் உட்கார்ந்திருப்பது சுகம் என்று நினைக்கிறவர்கள் எங்கள் அலுவலகத்தில் உண்டு. மீனாவுக்கு அது உயிரை அறுத்தது.

அப்போதுதான் புகார் எண் ஒன்று ஆரம்பித்தார்கள். ஜனங்கள் கூப்பிட்டுத் தங்கள் குறையைப் பேசிப் பதிவு செய்யலாம். அதை ஒருவர் கேட்டு, தட்டச்சு செய்து, அந்தந்தப் பிரிவுக்கு அனுப்ப வேண்டும். கேட்பதும் அடிப்பதும்தானே வேலை, நான் செய்கிறேன் என்று மீனா கேட்டாள். மேலாளர் தலையைச் சொறிந்தார். மேலே கேட்டுச் சொல்வதாகச் சொன்னார். கடைசியில், அதிகாரிகள் மூன்று பேர் முன்னால் செய்துகாட்டட்டும், முடிந்தால் அந்த இருக்கை அவளுக்கு என்று பதில் வந்தது. முடியாவிட்டால் டெலிபோன் போர்டோடு அவள் ஒப்பந்தமும் முடியும் என்பதையும் கூடவே சொல்லிவிட்டார்கள்.

அவளால் முடியும் என்பதில் எனக்குத் துளி சந்தேகம் இல்லை. அவளிடம் சொந்தமாக ஒரு லேப்டாப் இருந்தது. திரையில் இருப்பதை அது வாய்விட்டுப் படிக்கும், அவள் அடிக்கிற ஒவ்வொரு எழுத்தையும் சொல்லும். அது பேசும் வேகத்தில் எங்களுக்குக் கோழி கேறுவதுபோல் இருக்கும், அவளுக்கு அதில் ஒரு புள்ளிகூடத் தப்பாது. பிள்ளையார் சுழியிலிருந்து கையெழுத்து வரை தானே ஒரு கடிதத்தை முடித்து என்னிடம் பிரிண்ட் எடுக்கக் கொடுப்பாள். அதில் நான் திருத்த எதுவும் இருக்காது.

அந்த லேப்டாப்பை வாங்கிக் கொடுத்தது அவளுடைய அண்ணன் பீமாராவ். ஒரு தனியார் கல்லூரியில் கம்ப்யூட்டர் லேப் உதவியாளர். அவர்கள் அப்பா எழுதப் படிக்கத் தெரியாதவர், ஆனால் மகனுக்குப் பெயர் வைக்கும்போது மட்டும் யோசித்து வைத்திருக்கிறார். பீமாராவும் அந்தப் பெயருக்குக் குறைவில்லாமல் நடக்க வேண்டும் என்று எப்போதும் விறைப்பாகவே இருப்பான். அவனுக்கு லினக்ஸ் பைத்தியம். கம்ப்யூட்டரையே இயக்குகிற மென்பொருள் அது, காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை, யார் வேண்டுமானாலும் உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று படிக்கலாம், மாற்றலாம், அடுத்தவருக்குக் கொடுக்கலாம் என்பான். அலுவலக வாசலில் தங்கச்சிக்காகக் காத்திருக்கும் நேரத்தில் எனக்குப் பாடம் எடுத்திருக்கிறான். நான் தலையாட்டிக்கொண்டே பஸ் வருகிறதா என்று பார்ப்பேன்.

ஒரு விஷயம் மட்டும் மனதில் நின்றது. அந்த லினக்ஸுக்குள்ளேயே சில பூட்டிய கோப்புகள் உண்டாம். வைஃபை சிப், சவுண்டு சிப் மாதிரி ஒவ்வொன்றையும் எழுப்பி வேலை செய்ய வைக்க, அதைத் தயாரித்த கம்பெனி ஒரு சின்னக் கோப்பு கொடுக்கும். ஃபர்ம்வேர் என்பார்கள். அதற்குள் என்ன இருக்கிறது என்று வெளியாள் படிக்க முடியாது. பீமாராவுக்கு அது ஆகவே ஆகாது. "வீடு நம்ம வீடுதான்க்கா. ஆனா ஒரு ரூம் சாவி மட்டும் கம்பெனிக்காரன் கையில இருக்கும். அப்ப அது யாரு வீடு?" என்று கேட்டான். கோயிலுக்கும் கிணற்றுக்கும் வேறு எவன் கையிலோ சாவி இருந்த ஊரில் வளர்ந்தவன் அவன். அவன் கேட்டதில் தப்பில்லை என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

மீனாவும் அதை நம்பினாள். இதைச் சொல்லியே ஆக வேண்டும். அண்ணன் சொன்னதற்காக நம்பவில்லை. அவளுக்குத் தெரியாமல் அவளைப் பற்றி நாலு பேர் முடிவெடுப்பது பிறந்ததிலிருந்து பழக்கம். எந்தப் பள்ளி, எந்தப் படிப்பு, கல்யாணம் வேண்டாம் என்பது உட்பட. இந்த மெஷினில் மட்டும் தனக்குத் தெரியாமல் ஒன்றும் நடக்காது என்று பெருமையாகச் சொல்வாள்.

காளவாசலில் ராஜபாண்டி என்று ஒருவர் மாடியில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் பீமாராவும் இன்னும் சிலரும் அங்கே கூடுவார்கள். பழைய லேப்டாப் கொண்டுவருகிறவர்களுக்கு லினக்ஸ் போட்டுக் கொடுப்பார்கள். பூட்டிய கோப்பு ஒன்றுகூட இல்லாத மெஷினுக்கு மூடியில் ஒரு பச்சை ஸ்டிக்கர் ஒட்டுவது அவர்கள் வழக்கம். அந்த ஸ்டிக்கர் விஷயத்தில் பீமாராவ் ரொம்பக் கறார். மற்றவர்கள் கொஞ்சம் விட்டுக்கொடுத்தால் சண்டைக்குப் போவான். மீனாவின் லேப்டாப்பிலும் அந்த ஸ்டிக்கர் இருந்தது.

செய்துகாட்ட வேண்டிய நாள் திங்கட்கிழமை என்று ஆனது. லேப்டாப் அவ்வப்போது உறைந்து நின்றுவிடுகிறது, அதை மட்டும் சரிபார்த்துக் கொடு என்று மீனா அண்ணனிடம் கேட்டாள். அவன் சனிக்கிழமை வந்து வாங்கிப் போனான். ஞாயிறு சாயங்காலம் தந்துவிடுவதாகச் சொன்னான். அங்கே நடந்ததை ராஜபாண்டி பின்னால் என்னிடம் சொன்னார்.

புதிய பதிப்பு ஏற்றினால் உறைவது நிற்கும் என்று பீமாராவ் ஆரம்பித்திருக்கிறான். பக்கத்தில் நின்ற ஒருவன் திரையில் ஓடிய வரிகளைப் பார்த்துவிட்டுச் சிரித்திருக்கிறான். "என்ன மாப்ள, ஊருக்கெல்லாம் உபதேசம் பண்ற. ஒன் தங்கச்சி மெஷின்லயே பூட்டு தொங்குது." உண்மைதான். முதலில் அந்த மெஷினுக்கு லினக்ஸ் போட்டவர் ராஜபாண்டி. பேசாத லேப்டாப்பை அந்தப் பெண்ணிடம் எப்படிக் கொடுப்பது என்று, வைஃபைக்கும் சவுண்டுக்கும் உரிய கோப்புகளை யாரிடமும் சொல்லாமல் போட்டிருக்கிறார். ஸ்டிக்கரையும் ஒட்டிவிட்டார். சொன்னால் பீமாராவ் குதிப்பான் என்று சொல்லவில்லையாம்.

பீமாராவ் அங்கே குதிக்கவில்லை. முகம் செத்துப்போய், எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாக, பூட்டு இல்லாத லினக்ஸைப் போட உட்கார்ந்திருக்கிறான். நாளைக்குப் பரீட்சை இருக்கிறதே, அப்புறம் பார்க்கலாம் என்று ராஜபாண்டி தடுத்திருக்கிறார். கேட்கவில்லை. வைஃபைக்கு, பூட்டு இல்லாமல் வேலை செய்கிற சின்ன யுஎஸ்பி துண்டு ஒன்று தன்னிடம் இருந்ததைச் செருகினான். சவுண்டையும் சோதித்தான். தன் யுஎஸ்பி ஹெட்செட்டைச் செருகிக் கேட்டான், குரல் கணீரென்று வந்தது. கடையில் இரைச்சல், அதனால் எல்லோரும் ஹெட்செட்டில்தான் கேட்பார்கள். அந்த யுஎஸ்பி ஹெட்செட்டுக்குள் அதற்கென்று தனி சவுண்டு கார்டு உண்டு என்பதும், அதனால் லேப்டாப்பின் சிப் செத்துக் கிடந்தாலும் அதில் மட்டும் குரல் வரும் என்பதும் அவனுக்குத் தெரியாததல்ல. அன்றைக்கு அவனுக்கு அது தோன்றவில்லை. கண் உள்ளவன் திரையைப் பார்த்தான், எல்லாம் சரியாக இருந்தது.

வேலை இழுத்துக்கொண்டு போனதில் ஞாயிறு கொடுக்க முடியவில்லை. திங்கள் காலையில் அலுவலக வாசலில் வண்டியை நிறுத்தி, மீனா கையில் லேப்டாப்பைக் கொடுத்து, "ஒண்ணும் பயப்படாத பாப்பா, சுத்தமாப் பண்ணியாச்சு. இனி நிக்காது" என்றான். கல்லூரிக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பினான். மீனா நேராக மேலாளர் அறைக்குப் போக வேண்டியிருந்தது. மூன்று பேரும் வந்து உட்கார்ந்திருந்தார்கள். என்னைக் கதவுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியில் உட்காரச் சொன்னார்கள். துணைக்கு இருக்கலாம், உதவக் கூடாது.

மீனா லேப்டாப்பைத் திறந்து பட்டனை அழுத்தினாள். காத்திருந்தாள். வழக்கமாக வருகிற குரல் வரவில்லை. சத்தம் கூட்டும் விசையை அழுத்தினாள். பையிலிருந்து தன் சாதாரண இயர்போனை எடுத்துச் செருகிப் பார்த்தாள். நிறுத்தி மறுபடி போட்டாள். 

"மெஷின் பேசல சார்" என்றாள்.

மூவரில் பெரியவர் எட்டிப் பார்த்தார். "ஸ்கிரீன்ல எல்லாம் நல்லாத்தாம்மா தெரியுது. நீங்க ஆரம்பிங்க" என்றார்.

அவருக்குக் கெட்ட எண்ணம் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிகிறது. மீனா அண்ணனுக்கு போன் செய்ய அனுமதி கேட்டாள், கொடுத்தார்கள். அவன் வண்டியில் போய்க்கொண்டிருந்தான், எடுக்கவில்லை. மறுபடியும் எடுக்கவில்லை. நான் எழுந்து, திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லட்டுமா என்று கேட்டேன். அப்படியானால் வேலையை நீங்கள் செய்கிற மாதிரி ஆகிவிடும் என்று உட்காரச் சொன்னார்கள். இன்னொரு நாள் வைக்கலாமே என்றேன். மூன்று பேரும் ஒன்றுகூடுவது லேசில்லை என்றார் மேலாளர்.

கடைசியில் அவர்களே ஒரு வழி சொன்னார்கள். பதிவு செய்த புகாரைத் தங்கள் செல்போனில் போடுவார்கள், மீனா கேட்டு அடித்தால் போதும். மீனா சரி என்றாள். எத்தனையோ தடவை செய்தது, விரலுக்கு மனப்பாடம். விசைகளை அழுத்தி எழுதும் பக்கத்தைத் திறந்தாள். திறந்திருக்கிறதா என்று கேட்டாள். ஏதோ திறந்திருக்கிறது என்றார் ஒருவர். புகார் ஓட ஆரம்பித்தது. யாரோ ஒரு அம்மா, தெருவில் சாக்கடை அடைத்துக்கொண்டதைப் பற்றி அழாத குறையாகப் பேசினார்.

மீனா அடித்தாள். நான் இத்தனை வருடம் டைப்பிஸ்டாக இருக்கிறேன், அப்படி ஒரு வேகத்தை எட்டியதில்லை. அந்த அம்மா பேசி முடித்த கையோடு இவளும் முடித்து, கையை மடியில் வைத்துக்கொண்டாள். எனக்கு எழுந்து கை தட்ட வேண்டும்போல் இருந்தது.

"எங்கம்மா ஒண்ணையும் காணோம்?" என்றார் பெரியவர்.

நான் ஓடிப்போய்ப் பார்த்தேன். எழுதும் பக்கம் வெள்ளையாக இருந்தது. அதன்மேல், நடுவில், கடவுச்சொல் கேட்டு ஒரு சின்னப் பெட்டி நின்றது. புதிதாகப் போட்ட லினக்ஸ், வைஃபையோடு சேரக் கடவுச்சொல் கேட்டிருக்கிறது. பேசுகிற மெஷினாக இருந்தால் அந்தப் பெட்டி வந்தவுடனே சொல்லியிருக்கும். சாக்கடையும் தெருவும் அந்த அம்மாவின் அழுகையும் அத்தனையும் அந்தப் பெட்டிக்குள் போயிருந்தன. ஒவ்வொரு பத்தி முடிவிலும் அவள் என்டர் தட்டியபோது, தவறான கடவுச்சொல் என்று அழித்துவிட்டு மறுபடி காலியாக நின்றிருக்கிறது. மூன்று பேரும் அதைப் பார்த்துக்கொண்டேதான் இருந்திருக்கிறார்கள்.

"புள்ளி புள்ளியா விழுந்துச்சு. கண்ணு தெரியாதவங்க படிக்கிற பிரெய்ல் போலன்னு நெனச்சேன்" என்றார் இரண்டாமவர்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் அங்கேயே எதையாவது தூக்கி எறிந்திருப்பேன். மீனா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.  மூன்று பேருக்கும் நன்றி சொல்லிவிட்டு லேப்டாப்பை மூடினாள்.

தவறிய அழைப்புகளைப் பார்த்துவிட்டு பீமாராவ் பாதி வழியிலிருந்து திரும்பி வந்தான். வண்டி நிறுத்தும் இடத்தில் மீனா லேப்டாப்பை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். அவன் அதை வாங்கி, வண்டி சீட்டில் வைத்துத் திறந்தான். இரண்டு மூன்று தட்டலில் அவனுக்கு விளங்கிவிட்டது. ஹெட்செட்டில் வந்ததே என்று முணுமுணுத்தான். பிறகு, அவளைத் தேற்றத்தான், அதைச் சொன்னான்.

"சவுண்டு மட்டும்தான் பாப்பா வரல. மத்ததெல்லாம் நல்லாருக்கு."

"மத்தது எனக்கு எதுக்குண்ணே?" என்றாள் மீனா.

அவன் லேப்டாப்பை மூடினான். பிறகு எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னான். ராஜபாண்டி ரகசியமாகப் போட்டது, நண்பன் கேலி செய்தது, அழித்தது. அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள். முடித்ததும் நிதானமாக, "பூட்டு இருந்துச்சுன்னா எங்கிட்டத்தான சொல்லியிருக்கணும்? என் மெஷின்தான? எடுக்கவா வேணாமான்னு ஒரு வார்த்த கேட்டியா?" என்றாள்.

அவன் படியேறி மேலாளரிடம் ஓடினான். பெரியவர் காரில் ஏறிக்கொண்டிருந்தார், அவரிடமும் ஓடினான். தப்பு என் மேல், அரைமணி நேரம் கொடுங்கள், சரிசெய்து தருகிறேன் என்று கெஞ்சினான். எப்போதும் விறைப்பாக நிற்கிற பிள்ளை கும்பிட்ட கையோடு நின்றதைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை. ஒருவருக்கு இரண்டு வாய்ப்பு கொடுத்தால் நாளை எல்லோரும் கேட்பார்கள் என்று சொல்லி அவர் கதவைச் சாத்தினார்.

ஒப்பந்தம் முடிந்தது. மீனா அறையைக் காலி செய்துவிட்டு ஊருக்கு, அண்ணனும் இருக்கிற வீட்டுக்கே போனாள். புகார் வேலைக்கு ஒரு பையனைப் போட்டார்கள், நல்ல கண் உள்ள பையன். அவன் அடிக்கிற புகார்களில் தெருப் பெயர் தப்பு, ஆள் பெயர் தப்பு. திருத்துவது நான்தான். ஒவ்வொரு தடவை திருத்தும்போதும் வாய்விட்டுத் திட்டுகிறேன், சௌராஷ்டிரத்தில் இல்லை, தமிழிலேயே. யாரைத் திட்டுகிறேன் என்று எனக்கே சரியாகத் தெரியாது. சத்தம் போடக்கூடத் தன் அனுமதி வேண்டும் என்று சிப்பைச் செய்து வைத்திருக்கிற கம்பெனிக்காரனையா, அவனோடு மல்லுக்கட்டுவதற்குத் தங்கச்சி மெஷின்தான் கிடைத்தது என்று நினைத்தவனையா, புள்ளியைப் பார்த்து பிரெய்ல் என்றவரையா?

அழித்த கோப்புகளைத் திரும்பப் போட பீமாராவ் எவ்வளவோ கேட்டும் மீனா லேப்டாப்பை அவன் கையில் கொடுக்கவில்லை. ராஜபாண்டியை வீட்டுக்கு வரவழைத்துப் போட்டுக்கொண்டாள். மெஷின் பேசுகிறது. அதில் அடிக்கத்தான் வேலை இல்லை. பீமாராவ் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்குப் போவதை நிறுத்திவிட்டான். அதே மாதிரி பழைய லேப்டாப் ஒன்றை வாங்கி வைத்துக்கொண்டு, அந்த சவுண்டு கோப்புக்குப் பதிலாகத் தானே ஒன்று செய்யப் பார்த்தானாம். பூட்டு இல்லாத குரல் ஒன்றைத் தங்கச்சிக்குக் கொடுக்க வேண்டும் என்று. அந்தக் கோப்பை எப்படி எழுதுவது என்பதை இந்தச் சிப்புக்கு மட்டும் கம்பெனியே வெளியிட்டிருக்கிறதாம். ஆனால் கம்பெனியின் டிஜிட்டல் முத்திரை இல்லாத கோப்பை அந்தச் சிப் ஏற்காதாம். மாதக்கணக்காக முயன்று பார்த்துக் கைவிட்டுவிட்டான் என்று ராஜபாண்டி சொன்னார்.

போன வாரம் பீமாராவ் அலுவலகத்துக்கு வந்தான். இளைத்திருந்தான். ஒரே வீட்டில் இருந்தும் மீனா தன்னோடு பேசுவதில்லை, சாப்பாடு போட்டால் சாப்பிடுகிறாள், கேட்டதற்குப் பதில் சொல்கிறாள், அவ்வளவுதான் என்றான். நான் சொன்னால் கேட்பாள் என்று நம்பினான். அவன் போனபிறகு அவளைக் கூப்பிட்டேன். அண்ணன் கெட்டவன் இல்லை, உன் நல்லதுக்கென்று நினைத்துத்தான் செய்தான், மன்னித்துவிடேன் என்றேன். 

"தெரியும்க்கா. எனக்கு இதுவரைக்கும் யாரு கெட்டது செஞ்சிருக்கா? எல்லாரும் நல்லதுதான் செஞ்சாங்க. ஒருத்தராவது கேட்டுட்டுச் செஞ்சிருக்காங்களா?" என்றாள்.

கேட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. அதன்பிறகு அவள் அண்ணனைப் பற்றி நான் பேச்செடுக்கவில்லை.